சிங்கப்பூரில் இருந்து வந்த கையாட்டும் பூனை: மளிகைக் கடையில் வைக்கலாமா?

கோரையாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் பக்கம் எங்கள் மளிகைக் கடை. அப்பா ஆரம்பித்தது, இப்போது நானும் கூட நிற்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மச்சான் இந்த முறை ஊருக்கு வந்தபோது தங்க நிறத்தில் ஒரு பூனை பொம்மை வாங்கி வந்தார். உட்கார்ந்த பூனை, இடது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும், கழுத்தில் சிவப்புப் பட்டையும் மணியும், வயிற்றோடு அணைத்தபடி ஒரு காசு. அங்கே சாப்பாட்டுக் கடை, செல்போன் கடை, முடிவெட்டும் கடை என்று எங்கே நுழைந்தாலும் இது உட்கார்ந்திருக்குமாம், கல்லாவில் வைத்தால் ஆள் வரும் என்கிறார்.

அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார், "காலையில கடையத் திறந்ததும் பூனை மூஞ்சியில முழிக்கச் சொல்றியா" என்று. பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புகிற ஆள் அவர். அம்மாவுக்குப் பொம்மையைப் பிடித்திருக்கிறது. தெருப் பிள்ளைகள் அது டாட்டா காட்டுகிறது என்கிறார்கள். சாமான் வாங்க வந்த ஒரு பாட்டி "வர்றவங்களப் போ போங்குது பாரு" என்று சொல்லிவிட்டுப் போனதில் இருந்து அப்பாவுக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

இது சீனாவுடையதா ஜப்பானுடையதா? எந்தக் கை, எந்தத் திசை என்றெல்லாம் கணக்கு இருக்கிறதா? அந்த ஊர்க்காரர்கள் நிஜமாகவே நம்பித்தான் வைக்கிறார்களா? இன்னொன்று, உள் அலமாரியில் வைத்தால் கை கொஞ்ச நேரம் ஆடுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. அது நின்றாலே அப்பா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறார், அதைத்தான் தாங்க முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி எழுதியது:

நீடாமங்கலம் கேட் பக்கத்தில் கடை வைத்திருப்பவருக்குப் பூனை வேறு வேண்டுமா? கேட் விழுந்தால் பஸ், கார், டூவீலர் எல்லாம் உங்கள் வாசலில்தானே நிற்கிறது. தண்ணீர் பாட்டில், கடலை மிட்டாய், வாழைப்பழம் விற்றே பிழைத்துக்கொள்ளலாம்.

வெண்ணாறு எழுதியது:

தம்பி, நான் ஜப்பானில் நாகோயா பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்தவன், இப்போது மன்னார்குடியோடு வந்துவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பூனை ஜப்பானுடையது, உங்கள் வீட்டில் இருக்கும் பொம்மை அநேகமாகச் சீனாவில் செய்தது. பெயர் மனேகி நேகோ. ஜப்பானில் பழைய வகை எல்லாம் பீங்கான் அல்லது சுட்ட மண், கை ஆடாது, தூக்கியபடி அப்படியே இருக்கும். இந்தத் தங்க நிறப் பிளாஸ்டிக் உடம்பும் ஆடுகிற கையும் பின்னால் வந்தவை. வெளிநாடுகளில் சீனர்கள் கடை போட்ட இடமெல்லாம் அது போய் உட்கார்ந்துகொண்டது, அதனால்தான் பாதிப் பேர் இதைச் சீனப் பூனை என்றே சொல்கிறார்கள்.

அந்தப் பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானியர்கள் ஒருவரைக் கூப்பிடும்போது உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை மடக்கி மடக்கி அசைப்பார்கள். நாமும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுப் பாருங்கள், உங்கள் கை தானாக அந்தப் பூனையின் கை போலத்தான் போகும். வெள்ளைக்காரர்கள் உள்ளங்கையை மேலே திருப்பிக் கூப்பிடுகிறவர்கள், அவர்களுக்குத்தான் இது டாட்டாவாகத் தெரியும். அந்த ஊர்ச் சந்தைக்காகவே கையைத் திருப்பி வைத்துச் செய்த பூனைகளும் உண்டு. ஆகவே பாட்டியிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லலாம், கேட்பார்களா தெரியாது.

கைக் கணக்கு: இடது கை தூக்கியது ஆட்களைக் கூப்பிடும், வலது கை தூக்கியது பணத்தைக் கூப்பிடும் என்பது பரவலான பேச்சு. கை எவ்வளவு உயரமாக இருக்கிறதோ அவ்வளவு தூரத்தில் இருப்பவரையும் கூப்பிடுமாம். இரண்டு கையும் தூக்கியதும் விற்கிறது, ஆனால் கையை மேலே தூக்குவது கடை நொடித்துப்போனவன் செய்கிற வேலை என்று கிண்டல் செய்து அதை வாங்காதவர்களும் இருக்கிறார்கள். நிறத்துக்கும் ஆளுக்கொரு விளக்கம். வெள்ளை பொதுவான நல்லதுக்கு, தங்க நிறம் பணத்துக்கு, கறுப்பு தீயதை விரட்ட, சிவப்பு நோய் அண்டாமல் இருக்க. எல்லாவற்றிலும் மேலானது வெள்ளையில் கறுப்பும் செம்பழுப்பும் திட்டுத்திட்டாக இருக்கும் மூன்று நிறப் பூனை. நிஜத்தில் அந்த நிறப் பூனைகள் கிட்டத்தட்ட எல்லாமே பெண், ஆண் கிடைப்பது மிக மிக அபூர்வம்.

வயிற்றில் இருக்கும் காசு எடோ காலத்து, அதாவது 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான ஜப்பானியத் தங்கக் காசு, கோபான் என்பார்கள், நீள்வட்டமாக இருக்கும். உண்மையான கோபானின் மதிப்பு ஒரு ரியோதான், ரியோ என்பது அந்தக் காலத்துப் பண அளவு. பூனை வைத்திருக்கும் காசில் ஒரு கோடி ரியோ என்று எழுதியிருக்கும். ஆசைக்கு அளவு உண்டா என்ன.

இது எங்கே ஆரம்பித்தது என்பதில் ஜப்பானிலேயே போட்டி. தோக்கியோவில் செத்தகாயா பகுதியில் கோதொகுஜி என்று ஒரு பௌத்தக் கோயில். பல நூற்றாண்டுகளுக்கு முன் அது வறுமையில் கிடந்ததாம். ஹிகோனே பகுதியின் பிரபு இயி நவோதகா பரிவாரத்தோடு அந்த வழியாக வந்தபோது கோயில் வாசலில் ஒரு பூனை கையைத் தூக்கிக் கூப்பிடுவதுபோல் செய்ததாம். என்னடா இது என்று உள்ளே போய் உட்கார்ந்தார், வெளியே இடியும் மழையும் பிய்த்துக்கொண்டது, அவர் நனையாமல் தப்பினார், பிக்குவின் பேச்சும் மனதுக்குப் பிடித்துப்போனது. 1633-ல் அது இயி குடும்பத்தின் கோயிலாகி, நிலமும் பணமும் வந்து சேர்ந்தன. பூனை கதை ஐதீகம்தான், ஆனால் அந்தக் குடும்பத்தின் கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

அங்கே போனால் ஆயிரக்கணக்கில் வெள்ளைப் பூனைகள் வரிசையாக நிற்கும், பெரியது, சுண்டுவிரல் அளவு, எல்லா அளவிலும். கோயிலில் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்து, வேண்டியது நடந்தால் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். நம்மவர்கள் வைத்தீஸ்வரன் கோயிலில் வெள்ளியில் கண், கை, கால் வாங்கிச் செலுத்துகிறார்களே, அந்த மனசுதான். எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்தக் கோயில் பூனைகள் கையில் காசே இருக்காது. பூனை வாய்ப்பைத்தான் கூப்பிட்டுத் தரும், பணத்தைத் தராது, வந்த வாய்ப்பை நன்றியோடு பிடித்துக்கொள்வது உன் பாடு என்று காரணம் சொல்கிறார்கள்.

இன்னொரு கதை அதே தோக்கியோவில் அசாகுசா பக்கத்து இமாதோ பகுதியுடையது. சாப்பாட்டுக்கே வழியில்லாத ஒரு கிழவி தன் பூனையை விட்டுவிட வேண்டி வந்ததாம். அது கனவில் வந்து என் உருவத்தை மண்ணில் செய், உனக்கு நல்லது நடக்கும் என்றது. செய்து தெருவில் வைத்து விற்றாள், பிய்த்துக்கொண்டு போனது. கதையை விடுங்கள், 1852-ல் ஹிரோஷிகே என்ற ஜப்பானிய ஓவியர் வரைந்த அச்சுப் படம் ஒன்றில் இந்தப் பூனை பொம்மை விற்கும் கடையே இருக்கிறது. ஆக, 170 வருஷத்துக்கு முன்னாலேயே கடைத்தெரு சரக்குதான் இது.

நான் இருந்த பக்கத்தில் தோகோநாமே என்ற மண்பாண்ட ஊர் இருக்கிறது, நாகோயா விமான நிலையம் இருப்பதே அந்த ஊரில்தான். மனேகி நேகோ செய்வதில் பேர்போன இடம். சுவருக்கு மேலே 3.8 மீட்டர் உயரத்துக்கு ஒரு பூனைத் தலை மட்டும் எட்டிப் பார்க்கும். செப்டம்பர் 29-ஐ இந்தப் பூனையின் நாள் என்றே வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

திசை: ஜப்பானில் நான் பார்த்த கடைகளில் வாசலைப் பார்த்து வைப்பார்கள், அவ்வளவுதான். தென்கிழக்கு, பணமூலை எல்லாம் ஃபெங் சுயி, அதாவது சீன வாஸ்து பார்க்கிற ஆட்கள் சேர்த்தது. நம்புகிறார்களா என்று கேட்டால், என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே வைப்பார்கள், எடுத்துவிடச் சொன்னால் மட்டும் எடுக்க மாட்டார்கள். நம் கடையில் கட்டும் எலுமிச்சை மிளகாயை நாம் எப்படி வைத்திருக்கிறோமோ அப்படி.

வெட்டாறு எழுதியது:

திருவாரூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், இந்தப் பூனை என்னிடமும் வரும். அடியில் அல்லது கால் பக்கம் சின்னதாகக் கறுப்புக் கண்ணாடி மாதிரி பட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சோலார் பூனை, அலமாரிக்குள் வைத்தால் நிற்கத்தான் செய்யும். கை என்பது உள்ளே ஒரு ஊசல், அதன் நுனியில் ஒரு காந்தம், கீழே செம்புக் கம்பிச் சுருள். காந்தம் சுருளைக் கடக்கும்போதெல்லாம் சர்க்யூட் சின்னதாக ஒரு தள்ளு கொடுக்கும். மிகக் குறைந்த மின்சாரம்தான் வேண்டும், அதுவும் வெளிச்சத்தில் இருந்து வர வேண்டும். பகல் வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள், நேர் வெயிலில் வேண்டாம், தங்கப் பூச்சு வெளுத்துவிடும். டேபிள் ஃபேன் காற்றும் கையில் நேராக அடிக்கக் கூடாது, ஊசல் தடுமாறும்.

பட்டை இல்லை என்றால் பேட்டரி. மூடியைத் திறந்து பாருங்கள், பழைய செல் கசிந்து கம்பி பச்சை பூத்திருக்கும், சுரண்டிவிட்டுப் புது செல் போட்டால் ஓடும். அப்புறம், மளிகைக் கடை என்கிறீர்கள், சாம்பிராணிப் புகையும் மிளகாய்த்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அந்தப் பட்டை மேல் படியும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொண்டுவராதீர்கள், அப்படியும் வந்திருக்கிறது.

அரசலாறு எழுதியது:

தம்பி, கும்பகோணத்தில் இருந்து ஒரு அக்கா. சாமி மாடத்தில் மட்டும் வைக்க வேண்டாம், உங்கள் அப்பாவின் பாதிக் கோபம் அதற்குத்தான் இருக்கும், வாயால் சொல்லியிருக்க மாட்டார். பிள்ளையார், லட்சுமி படத்துக்கு நீங்கள் காலையில் ஊதுபத்தி காட்டும்போது பக்கத்தில் பூனையும் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டால் எந்தப் பெரியவருக்குத்தான் பொறுக்கும்? அதைப் பொம்மையாக நினைத்து ஷோகேஸில் வையுங்கள், வாசலைப் பார்த்து.

நான் என்ன செய்தேன் என்றால், என் மகள் மலேசியாவில் இருந்து கொண்டுவந்த வெள்ளைப் பீங்கான் பூனையைக் கொலுவில் வைத்துவிட்டேன். எங்கே வைத்தேன் தெரியுமா, செட்டியார் பொம்மை கடை பரப்பி உட்கார்ந்திருப்பாரே, அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் குட்டிக் குட்டிக் கிண்ணத்தில், அவர் பக்கத்தில். கொலு பார்க்க வந்த மாமிகள் மரப்பாச்சியை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். பண்ருட்டி காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்கு நடுவில் அது ஒன்றும் அந்நியமாகத் தெரியவில்லை. நவராத்திரியில் அம்மாவிடம் சொல்லி முதலில் கொலுவில் ஏற்றிவிடுங்கள். கொலுவில் இருந்து இறங்கிய பொம்மையை அபசகுனம் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது.

கொள்ளிடம் எழுதியது:

ஸ்ரீரங்கத்தில் இருந்து ஒரு சின்னச் செய்தி, உங்கள் அப்பாவுக்காக. பூனை அவ்வளவு கெட்டது என்றால் வைணவத்தில் அதைப் போய் உதாரணம் காட்டியிருப்பார்களா? தென்கலையார் சொல்லும் மார்ஜார நியாயம் தாய்ப்பூனையை வைத்துத்தான். குட்டி ஒன்றும் செய்யாது, தாய் வாயில் கவ்விக் காப்பாற்றிக் கொண்டுபோகும், பெருமாளும் அப்படியே என்று. குரங்குக் குட்டி தானாகத் தாயைப் பிடித்துக்கொள்வது வடகலையார் காட்டும் உதாரணம்.

இன்னொன்று, கையைத் தூக்கிய பூனைக்கு நாம் ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு பாறையில், 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை, பின்னங்காலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்யும் பூனை இருக்கிறது. காலடியில் எலிகள். அதுவும் ஒரு வகையில் வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற பூனைதான், வந்தால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

குடமுருட்டி எழுதியது:

கொள்ளிடம் சொன்னதுக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் நான் முதலில் எழுதியது கிண்டல் மட்டும் இல்லை. நான் விவசாயி, திருவையாறு பக்கம். எங்கள் ஊர் மளிகைக் கடைக்கு எது ஆளைக் கூப்பிடுகிறது என்று எனக்குத் தெரியும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை உண்டு, நாற்றங்கால், நடவு என்று ஆள் நடமாட்டம் உண்டு, நடவாட்களுக்கு டீத்தூளும் சர்க்கரையும் வெற்றிலை பாக்கும் வாங்க நாங்கள் கடைக்கு வருவோம். தண்ணீர் தள்ளிப்போனால் எல்லாம் தள்ளிப்போகும். அப்புறம் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, அந்தப் பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிற வரை கடையில் நோட்டில்தான் எழுதுவோம். பூனை கையை ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. பொம்மை வேண்டாம் என்று சொல்லவில்லை, மச்சான் ஆசையாக வாங்கி வந்தது, வையுங்கள். ஆள் வரவில்லை என்றால் திசையை மாற்றிப் பார்க்கிறேன், நிறத்தை மாற்றிப் பார்க்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் பணத்தைப் போடாதீர்கள். இதையே தொழிலாக வைத்து வாஸ்து பூனை என்று விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உயிருள்ள பூனை என்றால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். வரப்பு முழுக்க எலி வளை, கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரே ராத்திரியில் வட்டம் வட்டமாக வெட்டித் தள்ளிவிடுகிறது. மூங்கில் கிட்டி வைக்கிறோம், ஆந்தை வந்து உட்காரக் குச்சி நடுகிறோம். மளிகைக் கடைக்காரருக்கும் அரிசி மூட்டை இருக்கிறது, சாக்கைக் கடித்தால் யார் நஷ்டம்?

வெண்ணாறு எழுதியது:

நீங்கள் சொல்வது ஜப்பானுக்கும் பொருந்தும் அண்ணே. பட்டுப்புழு வளர்த்தவர்கள் புழுவையும் கூட்டையும் எலி தின்னாமல் இருக்கப் பூனை வளர்த்தார்கள், பூனைக்கு அங்கே மரியாதை வந்ததில் அதுவும் ஒரு காரணம்.

கோரையாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வெட்டாறு அண்ணன் சொன்னபடி பார்த்தேன், சோலார்தான். வாசல் பக்கக் கண்ணாடி அலமாரிக்கு மாற்றினேன், நிற்காமல் ஆடுகிறது. அரசலாறு அக்கா சொன்ன கொலு யோசனையை அம்மாவிடம் சொன்னேன், இப்போதே இடம் ஒதுக்கிவிட்டார்கள். மார்ஜார நியாயத்தை அப்பாவிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அவர் நாமம் போடுகிற ஆள்.

ஆனால் இடது கை ஆட்களைக் கூப்பிடும், வலது கை பணத்தைக் கூப்பிடும் என்று சொன்னேன் பாருங்கள், அதைப் பிடித்துக்கொண்டார். "ஆளக் கூப்பிடுற பூனைன்னா கடன் சொல்றவனையும் சேத்துத்தான கூப்பிடும்? பணத்தைக் கூப்பிடுற பூனைய வாங்கிட்டு வரச் சொல்லு உன் மச்சான" என்கிறார். குடமுருட்டி அண்ணன் நோட்டைப் பற்றி எழுதியதையும் வாசித்துக் காட்டிவிட்டேன், இப்போது அவர்தான் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தவர். வெண்ணாறு அண்ணே, வலது கைப் பூனை தனியாகக் கிடைக்குமா, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்களா?

வெண்ணாறு எழுதியது:

கிடைக்கும். இடது ஒன்று, வலது ஒன்று என்று ஜோடியாக வைக்கிற கடைகளும் உண்டு. கோதொகுஜி கோயிலில் தருவதே வலது கைதான், ஆனால் அது ஆடாது, காசும் இருக்காது என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரிலேயே கையாட்டும் வகையில் வலது கை இருக்கிறதா என்று மச்சான் பார்க்கட்டும். பழைய பாக்கியை வசூல் செய்து தருகிற பூனை மட்டும் ஜப்பானிலும் நான் பார்த்ததில்லை.